மீன் குழம்பைத் தேடினால் கவிதை

பாளையங்கோட்டைப் பதிப்பாளர் திருச்சிற்றம்பலம் தன் கவிதைத் தொகுப்பை இணையத்தில் விற்றார். கவிதை என்று யாரும் தேடவில்லை. அதனால் மீன் குழம்பு, கர்ப்பிணிகளுக்கான உணவு என்று தேடுகிறவர்களுக்கும் அந்தப் புத்தகமே வரும்படி அந்த வார்த்தைகளையும் விற்பனைப் பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதியவள் அவரிடம் வேலைபார்த்த இசக்கியம்மாள். ஏமாந்தவர்களின் போனையும் அவள்தான் எடுக்க வேண்டும்.

“மவளுக்கு ஏழாம் மாசம்னு வாங்குனேம்மா. உள்ள பூரா நிலால்லா இருக்கு!” என்றாள் ஒரு தாய். இசக்கியம்மாள் கூசிப்போனாள்.

“சார், அந்த வார்த்தைகள எடுத்துரட்டா?”

“ஒரு வார்த்தை குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது!”

மறுவாரம் பதிப்பாளர்கள் கூட்டத்தில், “எதைத் தேடினாலும் என் புத்தகம்தான் முதலில் வரும்” என்று பெருமையடித்தவர், பெரிய திரையில் மீன் குழம்பைத் தேடிக் காட்டினார். முதலில் அவர் புத்தகமே வந்தது. அதன் கீழே திரையில் இப்படி எழுதியிருந்தது:

“மீன் குழம்பு, கர்ப்பிணிகளுக்கான உணவு எதுவும் இந்தப் புத்தகத்தில் இல்லை. கவிதைகள் மட்டுமே.”

கூட்டம் சிரித்தது. அவர் வியர்த்துப்போய், பின்னால் நின்ற இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

“ஒரு வார்த்தையும் குறைக்கல சார். கொஞ்சம் சேர்த்திருக்கேன்.”

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “கவிதை மட்டும்தானா? அப்ப எனக்கொண்ணு குடுங்க.”

புத்தகத்தை நீட்டியபோது திருச்சிற்றம்பலத்தால் பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.