அரசாங்க நாக்கும் ஆட்டுக்குப் பிடிச்ச பிஸ்கட்டும்

எல்லாரும் ம் கொட்டணும், தெரியுதா? ம் கொட்டாதவங்களுக்கு இந்தக் கதையில பங்கு கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்.

ஒரே ஒரு ஊர்ல, அந்த ஊருக்கு நொறுக்குப்பட்டினம்னு பேரு, ஒரே ஒரு ராஜா இருந்தாராம். அவரு பேரு வாயூறும் பூபதி. அவருக்கு பிஸ்கட்டுன்னா உசுரு. எந்திரிச்சா பிஸ்கட்டுப் பேச்சு, குளிச்சா பிஸ்கட்டுப் பேச்சு, சண்டைக்குப் போனாக்கூட பிஸ்கட்டுப் பேச்சு. ஒரு தடவை எதிரி ராஜா கத்தியை ஓங்கிக்கிட்டு வர்றான், இவரு நிதானமா, "ஏம்ப்பா, உங்க ஊர் பிஸ்கட்டுல ஏலக்காய் போடுவாங்களா, சுக்கு போடுவாங்களா?"ன்னு கேட்டாராம். அவன் ஓங்கின கையோட நின்னு யோசிச்சிருக்கான். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இவரு படை ஜெயிச்சிருச்சாம்.

ஆனா பாருங்க, இம்புட்டு ஆசை வச்ச ராஜா, பொறந்ததுல இருந்து ஒரு பிஸ்கட்டு கூடத் தின்னதில்லை. ஆமாங்குறேன்! சிரிக்காதே வள்ளிமயிலு, முழுசாக் கேளு.

அந்த அரண்மனையில சடையாண்டின்னு ஒருத்தன் இருந்தான். அவன் உத்தியோகத்துக்கு 'அரசாங்க நாக்கு'ன்னு பேரு. ராஜா வாயில எது போனாலும் முதல்ல அவன் ருசி பார்க்கணும். நல்லா இருக்குன்னு அவன் சொன்னா அது ராஜாவுக்கு. நல்லா இல்லைன்னு சொன்னா ராஜா தொடக்கூடாது. அதோட விட்டாங்களா? கழிச்ச பண்டம் மண்ணுல விழுந்தா அந்த வருஷம் மழை பெய்யாதுன்னு அந்த ஊர்ல ஒரு சட்டம். அதனால நல்லா இல்லைன்னு சொன்ன பண்டம் அத்தனையையும், ஒரு பொடி மிச்சமில்லாம, சபையிலேயே சடையாண்டிதான் தின்னு தீர்க்கணும்.

இப்பப் புரியுதா? அவன் எதை நல்லா இருக்குன்னு சொல்லுவான்? நெய் ஒழுக ஒழுக வந்தா நல்லா இல்லை. முந்திரி பதிச்சு வந்தா நல்லா இல்லை. உப்பில்லாத கஞ்சி வந்தா மட்டும், "ஆகா, தேவாமிர்தம் மகாராஜா!"ன்னு சொல்லி அப்படியே தள்ளி விட்டுருவான். நாப்பது வருஷமா ராஜா கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு முருங்கைக்காய் மாதிரி இருக்காரு, சடையாண்டி நெல்லுக் குதிரு மாதிரி இருக்கான். அப்பவும் ராஜாவுக்கு அவன் மேல சந்தேகம் வரலை. அவன் கழிச்ச பிஸ்கட்டை மொச்சு மொச்சுன்னு திங்கும்போதெல்லாம் இவரு கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு, "எனக்காக எம்புட்டுக் கஷ்டப்படுறீரு ஓய்!"ன்னு விசிறி எடுத்து வீசுவாராம். ராஜாவும் சும்மா ராஜா இல்லை, முத்துன கேனை.

அந்த ஊர்க் கடைசியில சொர்ணக்கிளின்னு ஒருத்தி இருந்தா. வெகுளி. யாரு என்ன சொன்னாலும் நம்புவா. ஆனா அவ களிமண் அடுப்புல பிஸ்கட்டுச் சுட்டா, வாசனையிலேயே போற பஸ்ஸு... சே, அப்ப ஏது பஸ்ஸு, போற மாட்டு வண்டியெல்லாம் நின்னுரும். அவளுக்குப் புருஷன் இல்லை, புள்ளை இல்லை, செவத்தின்னு ஒரு செவலை ஆடு மட்டும்தான். அந்த ஆட்டுப்பால்ல எடுத்த வெண்ணெயிலதான் பிஸ்கட்டு. ஆடு பேசும். ஏன் பேசும்னு கேக்காதே. தனியா ஒரு வீட்டுல ரெண்டே பேர் இருந்தா யாராவது பேசித்தானே ஆகணும்?

ராஜா கேள்விப்பட்டு ஆள் விட்டாரு. சொர்ணக்கிளி ரொம்ப சந்தோசமா, ஏலக்காய் தட்டிப்போட்டு, ஒரு கூடை பிஸ்கட்டுச் சுட்டுக்கிட்டு, ஆட்டையும் கூட்டிக்கிட்டு அரண்மனைக்குப் போனா.

சடையாண்டி வந்து உக்காந்தான். முன்நாக்குக்கு ஒண்ணு தின்னான், நடுநாக்குக்கு ஒண்ணு தின்னான், அடிநாக்குக்கு ஒண்ணு தின்னான். கண்ணை மூடி ஏப்பம் விட்டான். அப்புறம், "சே! ஏலக்காயா இது? மூட்டைப்பூச்சி வாடை அடிக்குது மகாராஜா!"ன்னான். சொல்லிட்டுக் கூடை மொத்தத்தையும் தின்னான். ராஜா விசிறி வீசினாரு.

சொர்ணக்கிளி அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. "என் கையில என்னமோ குத்தம் இருக்கு செவத்தி"ன்னா. ஆடு பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு.

மறுவாரம் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டு, ஓரம் மட்டும் லேசாச் செவக்க விட்டு, ரெண்டு கூடை சுட்டுக்கிட்டுப் போனா. சடையாண்டி முன்நாக்குக்கு ஒண்ணு தின்னான், நடுநாக்குக்கு ஒண்ணு தின்னான், அடிநாக்குக்கு ஒண்ணு தின்னான். விரலைச் சூப்பினான். அப்புறம், "சே! தேங்காயா இது? பஞ்சு மெத்தையைக் கடிச்ச மாதிரி இருக்கு மகாராஜா!"ன்னான். ரெண்டு கூடையும் காலி.

அதோட விட்டானா? போற போக்குல ஆட்டைப் பார்த்தான். நல்லாக் கொழுத்த ஆடு. அவனுக்கு எச்சி ஊறிருச்சு. "மகாராஜா, குத்தம் கையில இல்லை, வெண்ணெயில. வெண்ணெய் குத்தம்னா ஆடு குத்தம். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம். அதுவும் நல்லா இல்லைன்னா ஆட்டை வெட்டிக் குழம்பு வச்சுரணும். குழம்பை நானே ருசி பார்த்து, இந்த ஆட்டுல எந்த இடத்துல குத்தம்னு சொல்லிடுறேன்"னான்.

"நியாயந்தான்"னாரு ராஜா. நியாயமாம்! அவரு தலையில இருந்தது கிரீடமா, வெறும் பானையா?

சொர்ணக்கிளி வீட்டுக்கு வந்து ஆட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. பெத்த புள்ளையை யாராவது குழம்பு வைக்கிறேன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி அழுதா. "நான் முந்திரி போடுறேன், பிஸ்தா போடுறேன், குங்குமப்பூ போடுறேன், வீட்டை வித்தாவது நல்ல பிஸ்கட்டாச் சுட்டு உன்னைக் காப்பாத்துறேன் தாயி"ன்னா.

அப்பத்தான் ஆடு வாயைத் திறந்துச்சு. "அடி அசட்டுச் சொர்ணம்! நீ நல்லாச் சுடுறதுனாலதான் அவன் நல்லா இல்லைங்குறான். ரெண்டு தடவை உனக்குப் பிடிச்சதைப் போட்ட. இந்தத் தடவை எனக்குப் பிடிச்சதைப் போடு."

"உனக்கு என்ன பிடிக்கும்?"

"வேப்பங்கொழுந்து. அது ஒரு மரக்கால் அரைச்சுப் போடு. அப்புறம் கருவேலங்காய். இடிச்சுப் போடு, தொண்டையைக் கவ்வணும். நொறுநொறுப்புக்குப் பழைய சாக்கு, பொடிப்பொடியா நறுக்கிப் போடு. அப்புறம் ஆடாதொடைத் தழை."

"அது உனக்குப் பிடிக்காதே செவத்தி! மோந்து கூடப் பார்க்க மாட்டியே!"

"எனக்குப் பிடிக்காதுதான். அதனால அவனுக்கு ரெண்டு பிடி கூடப் போடு. இன்னொண்ணு, கூடைக் கணக்குல சுடாதே. மூணு வண்டி சுடு."

சொர்ணக்கிளிக்கு ஒண்ணும் விளங்கலை. ஆனா அவதான் யாரு சொன்னாலும் கேக்குறவளாச்சே! ஊரு பூரா வேப்பமரத்தை மொட்டையடிச்சா. அரைச்சா, இடிச்சா, நறுக்கினா. அடுப்பு மூணு நாள் எரிஞ்சுச்சு. அந்த வாசனைக்கு வர்ற மாட்டு வண்டியெல்லாம் திரும்பி வந்த வழியே ஓடிருச்சாம்.

மூணு வண்டியும் கடகட கடகடன்னு அரண்மனைக்குப் போச்சு. சபை நிறைஞ்சிருக்கு. ஆட்டை நடுவுல நிறுத்தி, பக்கத்துல குழம்புக்கு மசாலாவும் அரைச்சு வச்சுட்டாங்க. சொர்ணக்கிளி ஆட்டை ஒட்டி நிக்கிறா. சடையாண்டி மூணு வண்டியைப் பார்த்துச் சிரிச்சான். "அடேயப்பா, இன்னைக்கு என் கஷ்டம் பெரிய கஷ்டமா இருக்கும் போலிருக்கே!"ன்னு இடுப்புத் துணியைத் தளர்த்தி விட்டுக்கிட்டான்.

முன்நாக்குக்கு ஒண்ணு போட்டான். முன்நாக்கு செத்துப்போச்சு. நடுநாக்குக்கு ஒண்ணு போட்டான். நடுநாக்கு சுருண்டு போச்சு. அடிநாக்குக்கு ஒண்ணு போட்டான். அடிநாக்கு "என்னை விட்டுரு சாமி"ன்னு வயித்துக்குள்ள ஓடிருச்சு. அவன் கண்ணு ஒரு பக்கம் போகுது, மூக்கு ஒரு பக்கம் போகுது, காது ரெண்டும் தானா ஆடுது.

"எப்படி இருக்கு ஓய்?"னு ராஜா கேட்டாரு.

"சே..."ன்னு ஆரம்பிச்சான். பழக்கம்! ஆரம்பிச்சவன் வண்டியைப் பார்த்தான். ஒரு வண்டி. ரெண்டு வண்டி. மூணு வண்டி. நல்லா இல்லைன்னு சொன்னா மூணையும் அவன்தான் திங்கணும், பொடி மிச்சமில்லாம. மண்ணுலயும் கொட்ட முடியாது, மழை பெய்யாது. மாட்டுக்கும் வைக்க முடியாது, வண்டி மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்குது. அவன் ஆட்டைப் பார்த்தான். ஆடு அவனைப் பார்த்து நிதானமா அசை போட்டுச்சு.

"சே-ங்கிறீரே, என்ன ஓய்?"

"சே... சே... சேச்சே! என்னத்தைச் சொல்ல மகாராஜா! அமிர்தம்! தேன்! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு பிஸ்கட்டு தின்னதில்லை!"ன்னு அலறினான்.

சபையே எந்திரிச்சு நின்னுச்சு. நாப்பது வருஷத்துல முதல் தடவையா அரசாங்க நாக்கு ஒரு பிஸ்கட்டை நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு! ராஜா ஒரு பிஸ்கட்டை எடுத்தாரு. கண்ணுல ஒத்திக்கிட்டாரு. வாயில போட்டாரு.

இப்பத்தான் சொர்ணக்கிளிக்குத் திக்குன்னு உறைச்சுச்சு. ஐயையோ, ராஜா கசக்குதுன்னு துப்பினா ஆட்டுக்கு முன்னாடி நம்ம தலையில்ல போகும்! ஆட்டுக் காதுல, "இதை நீ யோசிக்கவே இல்லையா?"ன்னு கேட்டா. ஆடு அசை போடுறதை நிறுத்திருச்சு. அது யோசிக்கலை. எம்புட்டுக் கெட்டிக்கார ஆடா இருந்தாலும் ஆடுதானே!

ராஜா மென்னாரு. மென்னாரு. மென்னாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி கொட்டுச்சு.

"ஆகா!"ன்னாரு. "ஆகாகா! இதுதான் பிஸ்கட்டா! ஏம்மா, இது தொண்டையைப் பிடிச்சுக் கவ்வுதே, இதுதான் ஏலக்காயா?"

சொர்ணக்கிளி முழிச்சா. ஆடு முட்டியால ஒரு இடி இடிச்சுச்சு. "ஆ... ஆமாம் மகாராஜா!"

"காது வரைக்கும் ஏறி இழுக்குதே, இது முந்திரியா?"

"ஆமாம் மகாராஜா!"

"பல்லு இடுக்குல நார் நாராச் சிக்குதே, இது தேங்காய்ப்பூவா?"

"சாட்சாத் தேங்காய்ப்பூவேதான் மகாராஜா!"

பின்னே? உப்பில்லாத கஞ்சியைத் தவிர ஒண்ணும் அறியாத நாக்கு. அதுக்கு வேப்பங்கொழுந்து ஒரு ருசி, சாக்கு ஒரு ருசி. பாவம், எது என்னன்னு அது எங்கே கண்டுச்சு!

ராஜா சிம்மாசனத்துல இருந்து இறங்கி ஓடி வந்து சடையாண்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. "ஓய்! நாப்பது வருஷமா எனக்காகக் கெட்டதையே தின்னு தின்னு நாக்கு நொந்து போனீரு. இன்னைக்குத்தான் நல்லது வந்திருக்கு. இதை நான் மட்டும் தின்னா என்னை நரகம் கூடச் சேர்க்காது. இனிமே தினமும் சரிபாதி உமக்கு! காலையில பாதி, மத்தியானம் பாதி, சாயங்காலம் பாதி. எனக்கு முன்னாடி உக்காந்து, நான் பார்க்கப் பார்க்கத் தின்னணும்!"

"மகாராஜா, எனக்கு எதுக்கு இம்புட்டு..."

"கூச்சப்படாதீரு ஓய்! வேற எந்தக் கெட்ட பண்டமும் இனிமே உம்ம வாய்ல படக்கூடாது. உம்ம கஷ்டம் இன்னையோட தீர்ந்துச்சு!"ன்னு சொல்லி, ராஜா கையாலேயே ஒரு பிடி எடுத்து ஊட்டி விட்டாரு.

ஆட்டுக்குக் கழுத்துல மாலை போட்டாங்க. அரைச்ச மசாலாவைக் கத்திரிக்காய்ல போட்டு எல்லாரும் சாப்பிட்டாங்க. சொர்ணக்கிளி மாசத்துக்கு மூணு வண்டி அரண்மனைக்குச் சுட்டுப் போட்டா. ஏலக்காய் போட்ட நல்ல பிஸ்கட்டை ஊர் ஜனங்களுக்குச் சுட்டா. இத்தனை நாளா ஒரே வயித்துக்குப் போனது இப்ப ஊருக்கே போச்சு.

சடையாண்டியா? நெல்லுக் குதிரு மாதிரி இருந்தவன், ஒரே வருஷத்துல முருங்கைக்காய் ஆயிட்டான். வேளைக்கு வேளை ராஜா எதிர்ல உக்காந்து, "அமிர்தம், அமிர்தம்"னு சொல்லிக்கிட்டே வேப்பங்கொழுந்தை முழுங்கினான். ராஜா பக்கத்துல நின்னு விசிறி வீசினாரு.

சொர்ணக்கிளிக்கு மனசு கேக்கலை. ஒரு நாள் ராஜா அவ வீட்டுப் பக்கம் வந்தப்போ, நிஜமான ஏலக்காய் பிஸ்கட்டு ஒண்ணைக் கையில கொடுத்தா. ராஜா ஒரு கடி கடிச்சாரு. தூன்னு துப்பிட்டு, "என்னம்மா இது, இப்படி இனிக்குது! மனுசன் திம்பானா இதை?"ன்னுட்டுப் போயிட்டாரு.

அடுத்தவன் நாக்கை நம்பிச் சாப்பிட்டா கடைசி வரைக்கும் கசப்புதான் ருசி. பொய் சொல்லித் தின்னவனோ, அந்தப் பொய்யையே மென்னு முழுங்கணும். அவ்வளவுதான். கதை வெந்துருச்சு, சட்டி ஆறிருச்சு, ம் கொட்டினவங்க எல்லாரும் வாயைத் துடைச்சுக்கோங்க.