யாருக்குச் சம்பந்தம்?

சங்குப்பட்டினத்தைச் செண்பகராயன் ஆண்ட காலம். துறைமுகத்தை ஒட்டி யூதத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. மிளகு வியாபாரம் செய்ய வந்து, நாலு தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். அந்தத் தெருவிலிருந்து அரசாங்கக் கல்விச்சாலைக்கு முதன்முதலாகப் படிக்கப் போனவன் ஏலியா. வான சாஸ்திரத்தில் கெட்டிக்காரன். ஐந்து வருஷப் படிப்பு முடிந்து, கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கல்விச்சாலைக் கிணறு நாறத் தொடங்கியது. மறுநாள் ஏலியாவின் பலகையில் கரியால் ஒரு வரி: 'விஷம் போட்ட யூதனுக்கு இங்கே இடமிள்ளை.'

ஏலியா தலைமை ஆசான் தாமோதரப் பண்டிதரிடம் புகார் எழுதிக் கொடுத்தான். பண்டிதர் உடனே ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தார். குழு ஆறு முறை கூடியது. எழுதியது வெறுப்பா, விளையாட்டா, ஒருவேளை உண்மையா என்று விவாதித்தது. 'விஷம்' என்ற சொல்லுக்கு நிகண்டில் எத்தனை பொருள் என்று ஆராய்ந்தது. கிணற்றுக்குள் மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் பண்டிதர் ஓர் ஆணை போட்டார்: 'விசாரணை முடிய ஆறு மாதம் ஆகும். அதுவரை புகாரில் சம்பந்தப்பட்டவர் எவரும் கல்விச்சாலைக்குள் நுழையக் கூடாது.'

வாசற்காவலர் ஏலியாவை வெளியே நிறுத்தினார். பரீட்சைக்கு இரண்டே நாள்!

செய்தி அரண்மனைக்குப் போனது. ராஜா, தம் சபை விகடகவி மருதப்பக் கவிராயரைக் கூப்பிட்டார்.

"கவிராயரே, அந்தப் பையன் பரீட்சை எழுத வேண்டும். எழுதிய கை யாருடையது என்றும் தெரிய வேண்டும். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கல்விச்சாலைக் காரியத்தில் அரசன் தலையிட மாட்டான் என்று என் தகப்பனார் செப்பேடு எழுதிக் கொடுத்திருக்கிறார்."

"தங்கள் ஆணை வேண்டாம் மகாராஜா. பண்டிதர் ஆணையே போதும்" என்றார் கவிராயர்.

அவர் முதலில் யூதத் தெருவுக்குப் போனார். ஏலியா புத்தகங்களைக் கட்டி மூலையில் வைத்திருந்தான்.

"ரொம்ப வருத்தமா தம்பி?"

"எழுதினவன் ஒருத்தன் ஐயா. அவனை மறந்துவிடுவேன். நான் கிணற்றில் விஷம் போட்டிருப்பேனோ என்று படித்தவர்கள் முப்பது நாள் உட்கார்ந்து யோசித்தார்களே, அதுதான் தாங்கவில்லை."

கவிராயருக்குச் சிரிப்பே வரவில்லை. "கட்டைப் பிரித்து வை. நாளை சாயங்காலம் வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பண்டிதர் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு கல்விச்சாலைக்குத் திரும்பினார். காவலர் இருளப்பன் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ளே விட முடியாது சாமி."

"நான் யார் தெரிகிறதா?"

"தெரியுது சாமி. ஆனா ஆணை இருக்கே!"

பக்கத்தில் நின்ற கவிராயர் பணிவாகக் கேட்டார்: "பண்டிதரே, புகார் யாரிடம் வந்தது?"

"என்னிடம்."

"முப்பது நாள் யார் வைத்திருந்தார்?"

"நான்தான்."

"உங்களைவிட அதிகம் சம்பந்தப்பட்டவர் உண்டா? எனக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், தாராளமாக உள்ளே போகலாம். சம்பந்தமில்லாதவருக்குத் தலைமைப் பதவி எதற்கு என்று நாளைக்குச் சபை கேட்கும், அவ்வளவுதான்."

சற்று நேரத்தில் குழுவினர் ஐவரும் வந்தார்கள். அவர்களுக்கும் தடி நீண்டது. உள்ளே அடுப்பில் பொங்கல் கொதிக்கும் வாசனை. வெளியே ஒதுங்க ஒரு மரம் இல்லை. வெயில் ஏறியது.

"ஆணையை ரத்து செய்கிறேன்!" என்றார் பண்டிதர்.

"பேஷாய்ச் செய்யுங்கள். முத்திரை எங்கே?"

முத்திரை உள்ளே இருந்தது! பண்டிதரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

"அப்படியானால் விசாரணையை முடித்துவிடுங்களேன்" என்றார் கவிராயர்.

உச்சி வெயிலில் குழு ஏழாவது முறையாகக் கூடியது. பொருள் ஆராய்ச்சி ஏதும் நடக்கவில்லை. தூர்வாரும் ஆளைக் கூப்பிட்டார்கள். அவனுக்குப் புகாரில் சம்பந்தமில்லை, உள்ளே போனான். அரை நாழிகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். கையில் கயிறு. கயிற்றின் நுனியில் செத்து அழுகிய பெருச்சாளி.

"இதுதானய்யா உங்க விஷம்!"

அடுத்து அந்தப் பலகையை வரவழைத்தார்கள். பண்டிதர் பார்த்ததும் வெடித்தார்: "இடமிள்ளை! ஐந்து வருஷமாக இந்த 'ள்ளை'யைத் திருத்துகிறேன்! தளபதியின் மைத்துனன் வீரபாகு எழுத்துதான் இது!"

"இது இன்றைக்குத்தான் தெரிந்ததா?" என்று கேட்டார் கவிராயர்.

பண்டிதர் தலை குனிந்தார். "முதல் நாளே தெரியும். தளபதி கோபிப்பாரே என்று..."

வீரபாகுவை அழைத்து வந்து கேட்டார்கள். பலகையையும் பெருச்சாளியையும் மாறி மாறிப் பார்த்தவன், ஒப்புக்கொண்டான். அந்த வருஷம் அவனுக்குப் பரீட்சை கிடையாது என்று முடிவானது. எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் பலகையைத் தன் கையாலேயே கழுவி, மன்னிப்புக் கேட்டான். சாயங்காலம் பண்டிதர் பட்டினியோடு கவிராயரின் பின்னால் யூதத் தெருவுக்கு நடந்துபோய், ஏலியாவின் வாசலில் கைகூப்பி நின்றார். "தப்பு என் மேல்தான் அப்பா. நாளைக்கு வா" என்றார். "முதலில் உள்ளே வந்து சாப்பிடுங்கள் ஐயா" என்றான் ஏலியா.

பரீட்சையில் ஏலியாவே முதலாவதாக வந்தான்.

ராஜா பண்டிதரைச் சபையில் கேட்டார்: "ஆறு மாத விசாரணை ஒரு பகலில் எப்படி முடிந்தது?"

"மகாராஜா, உள்ளே உட்கார்ந்திருந்தபோது அவசரம் தெரியவில்லை. வெளியே நின்றதும் தெரிந்துவிட்டது."

ராஜா கவிராயர் பக்கம் திரும்பினார். "கவிராயரே, உமக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசிக்க வேண்டும்."

கவிராயர் பதறி எழுந்தார். "தாங்களே யோசியுங்கள் மகாராஜா. தயவுசெய்து அதற்கொரு குழு மட்டும் அமைத்துவிடாதீர்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. போட்டிருந்த முத்துமாலையைக் கழற்றி அங்கேயே, அப்போதே, கவிராயர் கழுத்தில் போட்டார்.