முதல் ஈரல்

அந்த ஊரில் ஆடுகள் தாடை வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. ஊர்க் குட்டைத் தண்ணீரில் வாழும் நத்தையிலிருந்து வரும் புழு ஆட்டின் ஈரலைத் தின்கிறது, பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார் கால்நடை மருத்துவர். ஆடு மேய்க்கும் மாராயி கைக்குழந்தையோடு ஊராட்சித் தலைவர் சங்கிலிமுத்துவிடம் போய்த் தெருவுக்குக் குழாய் கேட்டாள்.

"தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கு. புழுவை என் கண்ணுல காட்டு, அன்னிக்கே குழாய் போடுறேன்" என்று சிரித்தார் தலைவர்.

கோயில் கிடாவெட்டில் முதல் ஈரல் தலைவருக்கு. அதைச் சுட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த வருஷக் கிடாவுக்கு, ஈரலில் புழு இருப்பதன் அடையாளமாக, கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்திருந்ததை மாராயி பார்த்து வைத்திருந்தாள். ஈரலைப் பச்சையாகவே பிளந்து, வாழையிலையில் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். வாடிய வேப்பிலை போலத் தட்டையான புழுக்கள் நெளிந்தன.

தலைவர் துள்ளி எழுந்தார். "ஏய், எவன் வீட்டுக் கிடா இது?"

"உங்க வீட்டுக் கிடாதாங்கய்யா. குட்டைத் தண்ணிதான் குடிச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. "சரி, ஆட்டுக்கு வந்தா மனுசனுக்கும் வந்துருமா?" என்றார் தலைவர்.

மாராயி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "கிடாவை வெட்டிக் காட்டிட்டோம்ங்கய்யா. இதை எப்படிங்க வெட்டிக் காட்டுறது?"

அன்று சாயங்காலமே குழாய்க்குப் பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள்.