எட்வின் வைத்த அளவு

தூத்துக்குடியில் ஹெப்சி டீச்சரிடம் கிட்டார் படித்தவர்களில் தவமணிதான் மூத்தவர். அவளுக்கு அப்பா வயது. துறைமுகத்தில் வடம் இழுத்துக் காய்த்துப்போன கை. செத்துப்போன மகனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரே ஒரு பாட்டு வந்தா போதும் டீச்சர்" என்று உட்கார்ந்தவர்.

மகன் எட்வினும் அவளிடம் படித்தவன்தான். சர்ச்சில் அவன் வாசிக்கும் பாட்டை அவன் நினைவு ஆராதனையில் கேட்க வேண்டும் என்று அவனுடைய அம்மாவுக்கு ஒரு ஆசை.

ஆராதனைக்கு முந்தின நாள் காலையில் தவமணி வந்தபோது விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, கையில கட்டு?"

"கம்பி அறுத்திட்டு."

"எந்தக் கம்பி?"

"நீங்க மாட்டச் சொன்ன தடிச்ச கம்பிதான்."

சொன்னது அவள்தான். எட்வின் போட்டிருந்தது மெல்லிய கம்பி, பூவைத் தொடுகிற மாதிரி தொட்டால் போதும். தவமணி வடத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார். கம்பி நெளிந்து சுருதி ஏறிப்போகும். அவர் கைக்குத் தடித்த கம்பிதான் நிற்கும்.

ஹெப்சி கிட்டாரை வாங்கிக் கண்ணுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகள் பலகையை விட்டு எழும்பி நின்றன.

"இந்தச் சந்துல எலி குடித்தனம் பண்ணலாம் அண்ணாச்சி."

தவமணி சிரிக்கவில்லை.

"கம்பியை மாட்டிட்டு, மத்ததைச் சரிபண்ணாம வாசிக்காதீங்கன்னு சொன்னேம்லா?"

"சொன்னீங்க."

"தடிச்ச கம்பி கழுத்தை முன்னால இழுக்கும். கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி கிடக்கு. அதை இறுக்கினா எதிர்ப்பக்கமா இழுத்து நிமித்திரும். பிறகு கம்பியைத் தாங்குற பிரிட்ஜைக் கொஞ்சம் இறக்கணும். அவ்வளவுதான் சோலி."

"அதைத் தொட மாட்டேன்."

"ஏன்?"

"அது எட்வின் வச்ச அளவு."

"கம்பியும் அவன் மாட்டினதுதானே? கழட்டினீங்களே."

"கம்பி கடையில கிடைக்கும் டீச்சர். இது அவன் கை வச்ச இடம். இதையும் மாத்திட்டா பொறவு இதுல அவன் எங்க இருக்கான்?"

ஹெப்சி உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கு எப்படி வாசிப்பீங்க?"

"ரத்தம் வந்தா வரட்டும்."

"ரத்தம் வந்தா சுருதி சேந்திருமா? வாசிங்க, பாப்போம்."

வாசித்தார். இரண்டாவது வரியில் விரல் வழுக்கியது. மூன்றாவது வரியில் பாட்டு வேறெங்கோ போய்விட்டது. அவரே நிறுத்தினார்.

"இதைக் கேட்டா அவங்கம்மா அழுவா."

"சரியா வாசிச்சாலும் அழத்தான் செய்வாங்க."

"அது வேற அழுகை டீச்சர்."

ஹெப்சி அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் கொடுத்தாள்.

"ஒண்ணையும் திருப்ப வேண்டாம். தலைப்பக்கம் சின்ன மூடி இருக்குல்லா, அதை மட்டும் திறங்க."

திறந்தார். உள்ளே அந்த இரும்புக் கம்பியை இறுக்கும் நட்டு தெரிந்தது. அவள் டப்பாவைத் துழாவி, அதே போல் ஒரு புது நட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டையும் தடவிப் பாருங்க."

புது நட்டின் ஓரங்கள் கூராக இருந்தன. கிட்டாருக்குள் இருந்த நட்டின் ஓரங்களோ தேய்ந்து கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தன. தவமணி மறுபடியும் தடவினார்.

"யாரு இப்படித் தேச்சது? கடைக்காரனா?"

"கடையிலேருந்து வரும்போது உங்க கையில இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. வேற யாரு கையும் அதுல பட்டதில்ல. என்னையே தொட விட மாட்டான்."

"எதுக்கு இத்தனை தடவை திருப்புனான்?"

"வெயிலுக்குக் கழுத்து மரம் ஒரு மாதிரி நிக்கும், மழைக்கு ஒரு மாதிரி நிக்கும். இதுல கம்பியை வேற மாத்தி மாத்திப் போடுவான்."

தவமணி நட்டின் மேல் வைத்த கட்டைவிரலை எடுக்கவில்லை. ஹெப்சி கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டு, நட்டைத் திருப்பும் சாவியை டப்பாவிலிருந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு அவர் சாவியை எடுத்து நட்டில் பொருத்தினார். முதலில் வழுக்கியது. அழுத்திப் பிடித்ததும் பற்றிக்கொண்டது.

"எவ்வளவு திருப்பணும் டீச்சர்? அவன் எவ்வளவு திருப்புவான்?"

"அளவு சொன்னதில்ல அண்ணாச்சி. துளி திருப்புவான். வாசிச்சுப் பாப்பான். திரும்பவும் துளி திருப்புவான்."