கால் மடக்காத நரி

காட்டோரச் சாலையில் போகும் மினி பஸ்ஸை ஒரு நரி தினமும் வேடிக்கை பார்க்கும். மூட்டையோடு ஏறுகிறவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!" என்பார். உட்கார்ந்திருப்பவர்கள் உடனே நகர்ந்து இடம் விடுவார்கள். நரிக்கு வாயெல்லாம் பல். 'அடடா, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு சக்தியா!'

அன்று முதல் அதன் பிழைப்பே அந்த வார்த்தைதான். குரங்கு உதிர்த்து வைத்த நாவல் பழத்தை வாரித் தின்னும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!" கொக்கைத் தள்ளிவிட்டு நண்டு பிடிக்கும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்!" யாராவது முணுமுணுத்தால், "வளைஞ்சு கொடுக்கத் தெரியாத ஜென்மங்கள்!" என்று நரிதான் முகம் சுளிக்கும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சோம்பேறி நரி தனக்கென்று ஒரு வளை தோண்டியதில்லை. நனைந்துகொண்டே முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்றது.

"அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"

"சின்ன வளை தம்பி, குட்டி வேற இருக்கு. சரி, ஓரமா படுத்துக்கோ."

ஓரமாவது! நரி நட்டநடுவில் சுருண்டது. கொஞ்ச நேரத்தில் காலை நீட்டியது. அப்புறம் வாலையும் நீட்டியது. குட்டி நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே போய்விட்டது. சாரல் அதன் முகத்தில் அடித்தது.

"தம்பி, காலை மடக்கு. குட்டி நனையுது பார்!"

நரி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "தூக்கம் வருது அக்கா. ஒரே வளையில இருக்கிறவங்க இப்படித்தான் அனுசரிச்சுப் போகணும்!"

குட்டி வெடவெடவென்று நடுங்கியது. அதன் கண் செருகியது. அதைப் பார்த்ததும் தாய் நரிக்கு முதுகைத் திருப்பியது. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வந்தது.

"ஐயோ அக்கா! குத்துது! நான் எங்கே போவேன்?"

"காடு பெருசு. போ!"

நரி மூக்கில் முள்ளோடு அலறிக்கொண்டு மழைக்குள் பாய்ந்தது. தாய் குட்டியை உள்ளே இழுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டது. குட்டியின் நடுக்கம் மெல்ல அடங்கியது.

பிறரை மட்டுமே விட்டுக்கொடுக்கச் சொல்கிறவன், கிடைத்த இடத்தையும் இழப்பான்.