தட்டினால் வரும் பதில்

மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அங்கே குரு செண்பகவல்லிக்கு வயது குறைவு. சீடர் இன்னாசிக்குத் தலை நரைத்துவிட்டது. வங்கி வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்.

இன்னாசி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நரம்புச் செல்களை வளர்த்தார். கிண்ணத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத உலோக முனைகள். மின்சாரத்தால் செல்களைத் தட்டுவதும் அவைதான். செல்கள் பேசினால் கேட்பதும் அவைதான். வாயும் காதும் ஒன்றே.

பேசாத கிண்ணத்தைக் கொட்டிவிடுவது அங்கே வழக்கம். இன்னாசியின் கிண்ணத்துக்கு அன்றுதான் கெடு. மஞ்சள் வாளியோடு ஊழியர் வாசலில் வந்து நின்றார்.

செல்களின் பேச்சைக் கோடாகக் காட்டும் திரைக்கு முன்னால் இன்னாசி குருவை அழைத்து வந்தார்.

"டீச்சர், இது உயிரோடதான் இருக்கு."

குரு திரையைப் பார்த்தார். பிறகு, இன்னாசியின் அதே அடைத்த மூக்குக் குரலில் சொன்னார்:

"டீச்சர், இது உயிரோடதான் இருக்கு."

இன்னாசி விழித்தார்.

"நான் தட்டினா உடனே பதில் வருது."

"நான் தட்டினா உடனே பதில் வருது."

"விளையாடாதீங்க டீச்சர். கொட்டிடுவாங்க."

"விளையாடாதீங்க டீச்சர். கொட்டிடுவாங்க." இன்னாசி இடையில் இருமிய இருமலையும் சேர்த்தே இருமினார் குரு.

வாசலில் ஊழியர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு பதிலா? நான் சொன்னதே எனக்குத் திரும்பி..."

இன்னாசி நிறுத்திக்கொண்டார். இந்த முறை குரு திருப்பிச் சொல்லவில்லை.

இன்னாசி திரையைப் பார்த்தார். தட்டிய கணமே எழும் கோடு. ஒவ்வொரு முறையும் அதே உயரம், அதே வடிவம், அவர் அனுப்பிய மின்சாரத்தைப் போலவே. மெதுவாகக் கையை நீட்டி, தட்டும் கருவியை அணைத்தார்.

திரையில் கோடு படுத்துக்கொண்டது. மேகம் உள்ளே வந்தது. வாளி மறைந்தது, வாசல் மறைந்தது. பச்சைக் கோடு மட்டும் வெள்ளையில் மிதந்தது.



வெகுநேரம் கழித்து, கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு துடிப்பு. தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்ததைப் போல. பிறகு இன்னொரு மூலையில், வேறு மாதிரி ஒன்று.

"டீச்சர்," இன்னாசி கிசுகிசுத்தார். "நான் தொடவே இல்லை."

"ம்."

வாளி நகர்ந்து போகும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்லுது டீச்சர்?"

"தெரியலை. ஆனா உங்களைப் பத்தி இல்லை."