வெந்நீரைச் சிறையில் அடைத்த கதை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், மழை ஒழுங்காகப் பெய்த காலம். வேங்கைநாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் என்கிற தோல் நோய் வந்துவிட்டது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. சபையில் ஒரு கையால் செங்கோலைப் பிடிப்பார், மறு கையால் சொறிவார். சொறியச் சொறியச் சிவந்து நீர் கசியும். நாலு நாள் அடங்கும், மறுபடி கிளம்பும்.

"இது யார் செய்த வேலை?" என்று ஒருநாள் கர்ஜித்தார்.

வாசனைப் பண்டசாலை அதிகாரி பூவராகர் இதற்கென்றே காத்திருந்தவர் போல எழுந்தார். மந்திரி பதவி மேல் அவருக்கு ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும். "மகாராஜா, தங்களைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவன் சடையன். அவன் கைராசி சரியில்லை. மந்திரி சேந்தனார் சிபாரிசு செய்த ஆள் வேறு."

"சடையனைப் பிடித்துப் போடுங்கள். குற்றவாளி வேறு யாரென்று அமாவாசைக்குள் மந்திரி காட்டவில்லையென்றால், குடும்பத்தோடு சடையனை நாடு கடத்துங்கள்" என்றார் ராஜா.

சிறைச்சாலைக்கு அதிகாரி இருளாண்டி. அவனுடைய தங்கை புருஷன்தான் இந்தச் சடையன். சொந்த மாப்பிள்ளையைச் சொந்தக் கையால் பூட்ட வேண்டிய தலையெழுத்து. வீட்டுக்குப் போனால் தங்கை அழுகிறாள். சிறைக்கு வந்தால், "மச்சான், நான் என்ன பண்ணினேன்? தேய்க்கச் சொன்னாங்க, தேய்ச்சேன்" என்று மாப்பிள்ளை கேட்கிறான். பாவம், இருளாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சேந்தனார் வந்தார். பின்னால் நாலு சேவகர்கள். அவர்கள் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தவை மன்னரின் கம்பளிச் சால்வை, உடம்பு தேய்க்கிற தேங்காய் நார், பூவராகர் தயாரித்த வாசனைப்பொடி ஜாடி, ஆவி பறக்கிற வெந்நீர் அண்டா.

"இருளாண்டி, மன்னர் மேனியைத் தொட்ட எல்லாரும் கைதிகள். தனித்தனியாகப் பூட்டு. ஒருத்தர் தப்பினாலும் உன் தலை போகும்."

"ஐயா, சால்வைக்கு விலங்கு எங்கே மாட்டுறது?"

"அது உன் சாமர்த்தியம்."

"சோறு?"

"பசித்தால் கேட்கும்."

பைத்தியம் மந்திரிக்கா தனக்கா என்று இருளாண்டிக்கு விளங்கவில்லை. நாரைத் தூணில் கட்டினான், ஜாடிக்குக் காவல் போட்டான். சற்று நேரம் கழித்து அண்டாவில் விரலை விட்டுப் பார்த்தான். ஒரே ஓட்டமாக ஓடி மந்திரி காலில் விழுந்தான்.

"ஐயா, வெந்நீர் வெதுவெதுன்னு ஆயிடுச்சு. சூடு எப்படித் தப்பிச்சதுன்னே தெரியலை. நான் கதவைத் திறக்கவே இல்லைங்க."

சேந்தனார் சிரிக்கவில்லை. "பரவாயில்லை, கைதி திருந்திவிட்டான். மன்னர் குளிக்க அவனை அனுப்பு."

அன்றிலிருந்து மன்னருக்கு வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல். நாரும் இல்லை, பொடியும் இல்லை. பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவினார்கள். சால்வைக்குப் பதில் பருத்தித் துண்டு. மெல்ல மெல்லச் சிவப்பு அடங்கியது. ஒரு மருந்தும் சாப்பிடாமல் எப்படி என்று மன்னருக்கே குழப்பம்.

பூவராகர் மார்தட்டினார். "பார்த்தீர்களா? சடையன் உள்ளே போனான், அரிப்பு வெளியே போனது."

இருளாண்டிக்கு யோசித்தால் அதுவும் நியாயம் மாதிரிதான் தெரிந்தது.

"அப்படியானால் கைதிகளை ஒவ்வொருவராக வெளியே விடுவோம். யார் வந்தால் அரிக்கிறதோ அவரே குற்றவாளி. சம்மதமா பூவராகரே?" என்றார் சேந்தனார்.

"முழுச் சம்மதம். சடையனையே முதலில் விடுங்கள்."

சடையன் வந்து குளிப்பாட்டினான். நாள்கள் போயின, அரிப்பு எட்டிப் பார்க்கவில்லை. இருளாண்டிக்குப் போன உயிர் வந்தது. அடுத்துச் சால்வை வந்தது, லேசாக நமைச்சல் எடுத்தது, அதைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். நமைச்சல் அடங்கிய பிறகு ஜாடி வந்தது. அன்று சாயங்காலமே மன்னர் செங்கோல் முனையால் முழங்கையைப் பறண்டிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு யாரை ஐயா வெளியே விட்டது?"

"பூவராகரின் பொடியை, மகாராஜா."

பூவராகர் முன்னால் வந்தார். "அது... அயல்நாட்டுச் சரக்கு. அதன் வாசனை..."

"வாசனை மூக்குக்குச் சரி, ஓய். கரப்பான் வந்த தோலுக்கு அது மிளகாய்த்தூள்" என்றார் சேந்தனார்.

"அதை ஒழித்துவிட்டால் இனி எனக்கு அரிக்காதே?" என்றார் மன்னர் ஆசையோடு.

"அரிக்கும் மகாராஜா. கரப்பான் விருந்தாளி மாதிரி, போகும், வரும். பெரிதாக்காமல் அனுப்பத் தெரிய வேண்டும். அதைப் பெரிதாக்குகிறவர்கள் பத்துப் பேர் இன்னும் வெளியே திரிகிறார்கள்." சொல்லிக்கொண்டே மன்னரின் கைகளைப் பிடித்து விரித்துக் காட்டினார். ஒவ்வொரு நகத்திலும் ரத்தம்.

மன்னர் தன் நகங்களைப் பார்த்தார். வெட்கமாகிவிட்டது அவருக்கு. அங்கேயே நகங்களை ஒட்ட வெட்டச் சொன்னார். தான் குளித்து வந்ததும் வாசனையில்லாத எண்ணெயைத் தடவிவிடுவது இனிப் பூவராகரின் வேலை என்றார். பிறகு சடையன் பக்கம் திரும்பினார்.

"தப்பு செய்யாதவனைப் பூட்டிவிட்டேன். என்ன வேண்டும், கேள்."

சடையன் கையைப் பிசைந்தான். "நீங்க சொறியும்போது வேண்டாம்னு சொல்ல நாக்கு வரும், பயத்துல முழுங்கிடுவேன். அதைச் சொல்ல உத்தரவு வேணுங்க."

"தந்தேன்."

மறுநாள் நிறைந்த சபை. மன்னரின் கை அவரையறியாமல் முழங்கைப் பக்கம் ஊர்ந்தது.

"கையை எடுங்க மகாராஜா" என்று பின்னாலிருந்து சடையன் அதட்டினான்.

மாப்பிள்ளையை மறுபடி பூட்டணுமா என்று புரியாமல் இருளாண்டி இடுப்பில் சாவியைத் தடவினான். மன்னர் சடையனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.